கேமராவுக்குக் கடைசி இடம்: வீட்டிலேயே புத்தக ஸ்கேனர்

கேள்வி: என் தந்தையார் சேர்த்த நூல்கள் இருநூற்றுப் பத்து இருக்கின்றன. பெரும்பாலும் 1930 முதல் 1960 வரை அச்சானவை. தாள் பழுத்து, தொட்டால் ஓரம் உதிர்கிறது. ஜெராக்ஸ் கடையில் கொடுத்த ஒரு நூல் முதுகு பிளந்து வந்தது. மேலிருந்து படமெடுக்கும் ஸ்கேனர் வாங்குவதா, அல்லது கேமராவை வைத்து வீட்டிலேயே ஒன்று செய்துகொள்வதா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, காரைக்குடி)

பதில்: இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது அம்மா. நூல்களைப் பட்டியலிட்டு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்திலும் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் நூற்பட்டியலையும் பாருங்கள். உங்கள் பக்கத்து ஊரான கோட்டையூர்க்காரர் சேர்த்த நூல்கள்தாம் அந்த நூலகத்துக்கு அடித்தளம். ஏற்கெனவே நல்ல படமாகக் கிடைப்பதை மறுபடி எடுக்க வேண்டியதில்லை. பட்டியல் குறைந்தால் வேலையும் குறையும்.

மீதிக்கு என் யோசனை, செய்துகொள்ளுங்கள் என்பதுதான். கடையில் விற்கும், மேலிருந்து படமெடுக்கும் ஸ்கேனர் புத்தகத்தை முழுதாக விரித்து மேசையில் வைக்கச் சொல்கிறது. புது நூலுக்குச் சரி. எழுபது வருடத் தையல் அப்படி விரிக்கப்பட்டால் அதோடு முடிந்தது. அப்படியே விரிந்தாலும் நடுமடிப்பை ஒட்டிய எழுத்துகள் வளைந்து உள்ளே போய்விடும். மென்பொருள் அந்த வளைவை நிமிர்த்தும் என்கிறார்கள். நிமிர்த்தும், ஆனால் மடிப்புக்குள் மறைந்த எழுத்தை எங்கிருந்து கொண்டுவரும்?

2009இல் டேனியல் ரீட்ஸ் என்ற அமெரிக்கர் குப்பையில் கிடைத்த சாமான்களையும் மலிவான இரண்டு கேமராக்களையும் வைத்து ஒரு ஸ்கேனர் செய்து, செய்முறையையும் வெளியிட்டார். அதற்குப் பிறகு உலகம் முழுவதும் பலர் அதைப் பின்பற்றினார்கள். புத்தகம் பாதி திறந்த நிலையில் ஒரு தொட்டிலில் கிடக்கும். அதே கோணத்தில் இணைத்த இரண்டு கண்ணாடிகள் மேலிருந்து இறங்கிப் பக்கங்களை அமுக்கும். இடப்பக்கக் கேமரா வலப்பக்கத்தை எடுக்கும், வலப்பக்கக் கேமரா இடப்பக்கத்தை எடுக்கும்.

இருநூறு நூலுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒரு கேமராவே போதும். தச்சரிடம் சொல்லி ஒரு கிடைப்பலகை, அதன் இடது ஓரத்தில் சற்றே பின்னால் சாய்ந்த ஒரு நிலைப்பலகை என இரண்டையும் இணைக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையே நூறு டிகிரி அளவில் கோணம் இருக்கட்டும். புத்தகத்தின் ஒரு பாதி நிலைப்பலகையில் சாய்ந்திருக்கும், மறுபாதி கிடைப்பலகையில் படுத்திருக்கும். படுத்திருக்கும் பக்கத்தின்மேல் கண்ணாடியை வைத்து, நேர் மேலே பொருத்திய கேமராவில் எடுக்க வேண்டும். முதலில் வலப்பக்கங்களை எல்லாம் எடுத்து முடித்துவிட்டு, நூலைத் தலைகீழாகத் திருப்பி இடப்பக்கங்களை எடுக்கலாம். இரண்டாம் சுற்றுப் படங்கள் தலைகீழாக வரும். கணினியில் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் திருப்பிவிடலாம்.

காசை எதில் போடுவது என்று கேட்டால், முதலில் கேமராவைத் தாங்கும் மரச்சட்டத்தில், அடுத்து விளக்கில், பிறகு கண்ணாடியில் என்பேன். கேமரா கடைசி. நான் முதலில் செய்தது நேர்மாறு. நல்ல கேமரா வாங்கி, அதை ஒரு லேசான முக்காலியின் குறுக்குக் கம்பியில் தொங்கவிட்டேன். முதல் பக்கம் அருமையாக இருந்தது. கேமராவின் எடையில் கம்பி மயிரிழை மயிரிழையாக இறங்கியது எனக்குத் தெரியவில்லை. முந்நூறு பக்கம் எடுத்து முடித்துக் கணினியில் பார்த்தபோது, எண்பதாம் பக்கத்தில் தொடங்கி வரிகள் சாய்ந்துகொண்டே போய், கடைசி அத்தியாயத்தில் பக்க எண்ணே படத்துக்கு வெளியே போயிருந்தது. இப்போது இரண்டங்குல ரீப்பர் கட்டையில் சட்டம் அடித்து, நான்கு எல் கிளாம்ப் போட்டு முடுக்கி வைத்திருக்கிறேன். அசையவில்லை.

கேள்வி: என் செல்பேசி 108 மெகாபிக்சல். அதுவே போதுமா, பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா வாங்க வேண்டுமா? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: 108 என்பது பெட்டியில் அச்சடிக்கும் எண். சாதாரணமாகப் படமெடுக்கும்போது ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சலாகத்தான் அது தரும். கவலைப்படாதீர்கள், பன்னிரண்டே போதும்.

கணக்கு இதுதான். 12 மெகாபிக்சல் படம் ஏறக்குறைய 4000க்கு 3000 புள்ளி. டெம்மி அளவு நூலின் பக்கம் எட்டரை அங்குல உயரம். ஓரம் விட்டுப் பத்து அங்குலத்தைச் சட்டகத்துக்குள் கொண்டுவந்தால் அங்குலத்துக்கு 400 புள்ளி கிடைக்கிறது. படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சு எழுத்தாக்கும் எழுத்துணரி மென்பொருளுக்கு 300 வேண்டும். அதே கேமராவில் இரண்டு பக்கத்தையும் சேர்த்து எடுத்தால் பதின்மூன்று அங்குலம் பிடிக்கும். 300ஐத் தொட்டும் தொடாமலும் நிற்கும். ஒவ்வொரு பக்கமாக எடுங்கள் என்று சொல்வதற்கு இது இன்னொரு காரணம். விளம்பரத்தையும் நம்ப வேண்டாம், என்னையும் நம்ப வேண்டாம். ஒரு அடிக்கோலைப் பலகைமேல் வைத்துப் படமெடுத்து, ஓர் அங்குலத்துக்குள் எத்தனை புள்ளி என்று கணினியில் எண்ணிப் பாருங்கள்.

தமிழுக்கு இது ஏன் முக்கியம் என்றால், எல்லாம் புள்ளியில்தான் இருக்கிறது. தேய்ந்த ஈய எழுத்தில் அச்சான பழைய நூலை 200இல் எடுத்தால் மெய்யெழுத்தின் தலைப்புள்ளி மறைந்துவிடும். ‘பட்டம்’ ‘படடம’ ஆகிவிடும்.

செல்பேசியில் எடுப்பதானால் முதன்மை லென்ஸையே பயன்படுத்துங்கள். கிட்டே போனால் தானாகவே அகலக்கோண லென்ஸுக்கு மாறும் பழக்கம் சில பேசிகளுக்கு உண்டு, அதை அணைத்துவிடுங்கள். தானியங்கி ஃபோகஸ், ஒளி அளவு, வெண்மைச் சமநிலை மூன்றையும் ஒரு பக்கத்துக்குச் சரிசெய்து பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் மஞ்சளாகவும் அடுத்த பக்கம் நீலமாகவும் வரும்.

பழைய டி.எஸ்.எல்.ஆர். நல்ல தேர்வுதான், ஆனால் ஒரு கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். 250 பக்க நூல் என்றால் 250 முறை ஷட்டர் அடிக்கிறது. இருநூறு நூலுக்கு 50,000. நுழைவுநிலைக் கேமராக்களின் ஷட்டருக்குச் சொல்லப்படும் ஆயுள் பொதுவாக ஒரு லட்சம் என்ற அளவில்தான் இருக்கும். ஆகவே இதுவரை எத்தனை படம் எடுத்தது என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி நூல்போல் ஏதேனும் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களில் சகஜம். விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: எல்லாம் செய்துவிட்டேன். ஆனால் படத்தில் கண்ணாடிமேல் விளக்கு வெள்ளையாகத் தெரிகிறது, குறுக்கே கறுப்புப் பட்டைகளும் விழுகின்றன. (வாசகர், கும்பகோணம்)

பதில்: இரண்டும் வேறு வேறு நோய்.

விளக்கு தெரிவது அது நிற்கும் இடத்தால். ஒளி எந்தச் சாய்வில் கண்ணாடியில் விழுகிறதோ அதே சாய்வில் மறுபக்கம் திரும்பும். விளக்கு கேமராவுக்குப் பக்கத்தில் இருந்தால் திரும்பும் ஒளி நேரே லென்ஸுக்குள் போகும். விளக்கைக் கீழே இறக்குங்கள். பக்கத்தின் தலைப்பக்கம் ஒன்று, கால்பக்கம் ஒன்று என வைத்து, பலகைத் தளத்திலிருந்து 35, 40 டிகிரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகுப் பக்கம் நிலைப்பலகை மறைப்பதால் அங்கே வைத்துப் பயனில்லை. அறையின் மற்ற விளக்குகளை அணைத்து, ஜன்னலுக்குத் திரை போடுங்கள். அப்படியும் நடுவில் ஒரு மங்கலான உருவம் தெரிந்தால் அது கேமராவின் பிரதிபிம்பம். கறுப்பு அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டுக் கேமராவின் முகத்தில் மாட்டிவிட்டால் மறைந்துவிடும். நீங்களும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குனியாதீர்கள். சிரிக்க வேண்டாம், என் படங்களில் ஐந்தாறு பக்கம் என் வெள்ளைச் சட்டைப் பொத்தானோடு இருக்கின்றன.

பட்டை விழுவது மின்சாரத்தின் வேலை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்.இ.டி. பல்பு நொடிக்கு நூறு முறை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் துடிப்பு முழுசாக அடங்கி, பட்டை போய்விடும். அவ்வளவு மெதுவான ஷட்டரில் கை பட்டால் படம் கலங்கும். ஆகவே இரண்டு நொடித் தாமதம் வையுங்கள், அல்லது ரிமோட் வாங்கிக்கொள்ளுங்கள். பல்பு வாங்கும்போது கடையிலேயே எரியவிட்டு, செல்பேசியில் ஷட்டர் வேகத்தைக் கூட்டிவைத்துப் பாருங்கள். திரையில் பட்டை ஓடினால் வேறு கேளுங்கள். இரண்டு விளக்கும் ஒரே நிறுவனம், ஒரே நிறமாக இருக்க வேண்டும். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை என்றால் எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது.

கேள்வி: பக்கம் செவ்வகமாக வராமல் ஒரு பக்கம் குறுகி வருகிறது. ரசமட்டம் வைத்துத்தான் கேமராவைப் பொருத்தினேன். (மரவேலைக் கலைஞர், தஞ்சாவூர்)

பதில்: ரசமட்டம் பூமிக்கு மட்டம் பார்க்கும். உங்களுக்கு வேண்டியது பலகைக்கும் கேமராவுக்கும் இடையிலான மட்டம். அதற்கு முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று போதும். புத்தகப் பக்கம் கிடக்கும் இடத்தில் சட்டம் இல்லாத ஒரு சிறு கண்ணாடியை மல்லாக்க வையுங்கள். கேமராத் திரையில் பாருங்கள். லென்ஸ் தன்னைத்தானே பார்த்துக்கொண்டிருக்கும். லென்ஸின் நடுமையம் திரையின் நடுமையத்தில் தெரிந்தால் கேமரா பக்கத்துக்கு நேர் செங்குத்து. இடமோ வலமோ தள்ளித் தெரிந்தால், அது நடுவுக்கு வரும்வரை கேமராவின் அடியில் அட்டைத் துண்டு சொருகி முடுக்குங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்தபின் வரைபடத் தாள் ஒன்றை வைத்து எடுத்துப் பாருங்கள். கட்டங்கள் நான்கு மூலையிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

மீதியிருக்கும் சிறு கோணலை ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருள் நிமிர்த்தி, ஓரம் வெட்டி, எழுத்தைக் கறுப்பு வெள்ளையாக்கித் தரும். எழுத்துணரிக்கு டெஸராக்ட், அதுவும் இலவசம், தமிழும் உண்டு. ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் வரும் பழைய ணை, லை, னை, றா போன்ற வடிவங்களில் எழுத்துணரிகள் தடுமாறும். திருத்தக் கை தேவைப்படும்.

கேள்வி: கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடலாமா? (வாசகி, கோவை)

பதில்: வேண்டாம். துடைக்கத் துடைக்கக் கீறல் விழும். மின்னேற்றம் பிடித்து, உதிரும் தாள்தூள் முழுவதையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும். நான்கு எம்.எம். சாதாரணக் கண்ணாடி, முப்பதுக்கு இருபத்தைந்து சென்டிமீட்டர் அளவில் வெட்டினால் முக்கால் கிலோ வரும். அந்த எடையே பக்கத்தை அமுக்கும். நான்கு ஓரமும் தேய்த்துத் தரச் சொல்லி வாங்குங்கள். தேய்க்காத ஓரம் விரலை அறுக்கும், தாளையும் அறுக்கும்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய ஸ்கேனரில் ‘20 மெகாபிக்சல்’ என்று போட்டிருந்தது. எழுத்தைப் பெரிதாக்கினால் மங்கலாக இருக்கிறது. விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கிறார். (வாசகர், ஓசூர்)

பதில்: உள்ளே சின்ன உணரியை வைத்து, மென்பொருளால் புள்ளியைப் பெருக்கிக் காட்டுவது பழைய தந்திரம். அடிக்கோலையும் மிகச் சிறிய எழுத்துள்ள மருந்துச் சீட்டையும் அதில் எடுத்து, அசல் கோப்பைச் சேமியுங்கள். விளம்பரப் பக்கத்தையும் படமாக எடுத்து வையுங்கள், நாளை மாற்றிவிடுவார்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

கேள்வி: எடுத்த நூல்களை இணையத்தில் எல்லோருக்கும் வைக்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு ஆகியிருந்தால் வைக்கலாம். மொழிபெயர்ப்பானால் மொழிபெயர்த்தவருக்கும் அதே கணக்கைத் தனியாகப் பாருங்கள். சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும் எடுத்து வைத்துக்கொள்வதற்குச் சட்டம் இடம் தருகிறது. ஊருக்குப் பகிர்வதற்கு அல்ல.

கேள்வி: ஒற்றைப்படைப் பக்கங்களை ஒரு கோப்புறையிலும் இரட்டைப்படைப் பக்கங்களை இன்னொன்றிலும் எடுத்தேன். சேர்க்கும்போது நடுவில் எங்கோ வரிசை மாறிவிடுகிறது. (வாசகி, புதுச்சேரி)

பதில்: சேர்ப்பதற்கு முன் எண்ணுங்கள். 250 பக்க நூலுக்கு அங்கே 125, இங்கே 125 இருக்க வேண்டும். ஒன்றில் 126 இருந்தால் ஒரே பக்கத்தை இரண்டு முறை எடுத்திருக்கிறீர்கள், அழித்துவிடலாம். 124 இருந்தால் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு புரண்டிருக்கிறது. நூல் இன்னும் பலகைமேல் இருக்கும்போதே அந்த எண்ணிக்கையைப் பார்த்துவிடுங்கள். அலமாரிக்குப் போய்விட்டால் மறுபடி விளக்கு, கண்ணாடி, கேமரா எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்காகப் பொருத்த வேண்டியிருக்கும்.