போக 2 மணி 40 நிமிடம், வர ஐந்தரை மணி நேரமா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மகள் துபாயில் இருக்கிறாள். நெடும்பாசேரியில் இருக்கும் கொச்சி விமான நிலையத்திலிருந்து டிக்கெட் போட்டு அனுப்பியிருக்கிறாள். போகும்போது காலை 10.00-க்குக் கிளம்பி 12.40-க்கு இறங்குகிறது. வரும்போது இரவு 10.30-க்குக் கிளம்பி விடிகாலை 4.00-க்கு வருகிறது. இணையத்தில் தேடினால் 3 மணி 20 நிமிடம் என்கிறது. எதை நம்புவது? கோயமுத்தூரிலிருந்து போனால் தூரம் குறையுமா?"

டிக்கெட்டையே நம்புங்கள். அதில் அச்சாகியிருப்பது அந்தந்த ஊர் நேரம், அவ்வளவுதான். துபாய்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. போகும் 2.40-உடன் 1.30-ஐக் கூட்டுங்கள்: 4 மணி 10 நிமிடம். வரும் 5.30-லிருந்து 1.30-ஐக் கழியுங்கள்: சரியாக 4 மணி. சாப்பாடு, மாத்திரை எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் திட்டமிடுங்கள்.

இணையம் சொல்வது வேறு கணக்கு. கொச்சிக்கும் துபாய்க்கும் இடையே பூமியின் வளைவை ஒட்டி அளந்தால் சுமார் 2,785 கி.மீ. அதை விமானம் உயரத்தில் சீராகப் பறக்கும் வேகத்தால் வகுத்தால் 3 மணி 20 நிமிடம் வரும். ஆனால் விமானம் நின்ற இடத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், மேலே ஏற வேண்டும், குறித்த வான்வழியில் வளைந்து போக வேண்டும், துபாய் போன்ற நெரிசலான இடத்தில் இறங்க வரிசையில் காத்திருக்கவும் வேண்டும். கதவு மூடியதிலிருந்து திறக்கும் வரை உள்ள இந்த மொத்த நேரத்தைத்தான் விமான நிறுவனம் டிக்கெட்டில் போடுகிறது.

போக வர பத்து நிமிட வித்தியாசத்துக்குக் காற்றும் ஒரு காரணம். குளிர்காலத்தில் வளைகுடாப் பக்கம் உயரத்தில் மேற்கிலிருந்து காற்று பலமாக வீசும்; திரும்பும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளிவிடும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் நம் தலைக்கு மேலே நிலைமை தலைகீழ். அப்போது தென்னிந்தியாவுக்கு மேல் மிக உயரத்தில் கிழக்கிலிருந்து ஒரு வேகக் காற்று ஓடுகிறது. அதைப் பற்றி 1958-ல் விரிவாக எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். விமானம் அதில் எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்பதைப் பொறுத்துச் சில நிமிடம் கூடும், குறையும்.

சரி, கோயமுத்தூர். அங்கிருந்து துபாயை ஒட்டியுள்ள ஷார்ஜாவுக்கு நேரடி விமானம் உண்டு; வான்தூரம் சுமார் 2,770 கி.மீ. ஆகவே வானத்தில் மிச்சம் எதுவும் இல்லை, மிச்சம் முழுக்கத் தரையில்தான். உங்கள் ஊரிலிருந்து நெடும்பாசேரிக்கு வடக்கஞ்சேரி, குதிரான், சாலக்குடி, அங்கமாலி என்று ஏறக்குறைய 120 கி.மீ. வேலந்தாவளம் வழியாகக் கோயமுத்தூர் விமான நிலையம் அதில் பாதித் தூரம்தான். என்னைக் கேட்டால் கோயமுத்தூர்தான் நல்லது, மகள் வீடு ஷார்ஜா எல்லையை ஒட்டிய அல் நஹ்தா, அல் குசைஸ் பக்கம் இருந்தால். ஷார்ஜாவிலிருந்து தூரமான ஜெபல் அலி பக்கம் என்றால் வேண்டாம். இங்கே மிச்சம் பிடித்த நேரத்தை ஷார்ஜா சாலை நெரிசல் விழுங்கிவிடும்.

எங்கிருந்து போனாலும் மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருங்கள். பெட்டி போடும் கவுன்டரைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள்.

அப்புறம் ஒன்று. இரவு 10.30-க்கு ஏறினால் நீங்கள் இறங்குவது மறுநாள் தேதியில். உங்களை அழைத்து வரும் கார்க்காரரிடம் அந்தத் தேதியைச் சொல்லி வையுங்கள்.