பழைய லண்டன் மருந்துக் குப்பியில் அரசு முத்திரை

உங்கள் பழைய லண்டன் மருந்துக் குப்பியின் மூடிமேல் ஒட்டியிருக்கும் முத்திரைத் தாள், மருந்துக்கு அரசு தந்த அங்கீகாரமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அது அரசு அங்கீகாரம் கிடையாது. வரி கட்டியதற்கான அடையாளம், அவ்வளவுதான்.

பிரிட்டனில் 1783 முதல் இப்படிக் குப்பியில் அடைத்துத் தயாராக விற்ற தனியார் மருந்துகளுக்கு முத்திரை வரி இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் சோதிக்கவில்லை. அபினும் குளோரோஃபார்மும் கலந்த டாக்டர் காலிஸ் பிரவுனின் ‘குளோரோடைன்’ என்ற மருந்துகூட முத்திரையோடுதான் விற்றது. வியாபாரிகள் அதையே அரசுச் சான்று போலக் காட்டினார்கள். நோயாளிகளை ஏமாற்றிய விஷயம் இது, எனக்கு இன்றும் கோபம் வருகிறது. உங்களுக்கும் குழப்பம் அதனால்தான் வந்திருக்கும்.

சரி, ஒன்று செய்து பாருங்கள். தாளை உரிக்காமல், லென்ஸ் வைத்து அதன் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். அரசு உத்தரவாதம் இல்லை என்ற பொருளில் வாசகம் இருந்தால் அது பிற்கால முத்திரை. லேபிளில் விலை 1 ஷில்லிங் 1½ பென்னியா? அந்த ஒன்றரைப் பென்னிதான் வரி.

ஆனால் இந்த வரி 1941 வரை நீடித்தது. அதனால் முத்திரையை மட்டும் வைத்து விக்டோரியா காலம் என்று முடிவு கட்டாதீர்கள். அப்புறம், உள்ளே திரவம் மிச்சமிருந்தால் தயவுசெய்து திறக்க வேண்டாம்.