"உன் உண்மை உனக்கு, என் உண்மை எனக்கு" என்பவரிடம் கிறிஸ்தவ விசுவாசத்தை எப்படி விளக்குவது?

"'மாறாத உண்மை எதுவும் இல்லை' என்கிறீர்களே, அது மட்டும் மாறாத உண்மையா?" என்று மடக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தர்க்கப்படி சரிதான். ஆனால் பேச்சு அதோடு நின்றுவிடும். பெரும்பாலும் அவர் தர்க்கத்தில் சறுக்கி அப்படிச் சொல்லவில்லை. "உண்மை எங்களிடம்தான்" என்றவர்கள் அதிகாரத்தை வைத்துச் செய்ததைப் பார்த்துச் சொல்கிறார். இந்த மனநிலையைப் பின்நவீனத்துவம் என்பார்கள். அது பெருங்கதையாடல்கள் மீதான, அதாவது எல்லாவற்றையும் ஒரே கதையால் விளக்கிவிடும் கோட்பாடுகள் மீதான அவநம்பிக்கை என்று 1979இல் பிரெஞ்சு தத்துவவாதி லியோதார் எழுதினார். அந்த அவநம்பிக்கை காரணமில்லாமல் வரவில்லை.

ஆகவே முதலில் கேளுங்கள்: கடவுள் இல்லை என்கிறாரா, இருந்தாலும் அறிய முடியாது என்கிறாரா, சபையால் காயப்பட்டிருக்கிறாரா? மூன்றாமவரிடம் போய்ப் பிரபஞ்சத்தின் முதற்காரணத்தைப் பற்றிப் பேசுவது கொடுமை.

வரலாற்றை மழுப்பக் கூடாது. கிறிஸ்தவரல்லாதவர்களை அடிமைப்படுத்த போர்ச்சுகல் மன்னருக்கு 1452இல் போப்பே ஆணை கொடுத்தார். "அவர்கள் உண்மையான கிறிஸ்தவர்களே அல்ல" என்று நழுவினால் உங்கள் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும். அது பாவம் என்று ஒப்புக்கொண்டு, எந்த அளவுகோலால் அதைப் பாவம் என்கிறோம் என்று சேர்ந்து யோசியுங்கள். அடிமைமுறை இயல்பாக இருந்த 4ஆம் நூற்றாண்டிலேயே, தேவசாயலில் படைக்கப்பட்ட மனிதனுக்கு என்ன விலை வைப்பாய் என்று பிஷப் நிசாவின் கிரகோரி பிரசங்கித்தார். சபையைக் கண்டிக்கும் அளவுகோல் அதன் விசுவாசத்துக்குள்ளேயே இருந்தது. இங்கே பலர் தவறுவது ஓரிடத்தில்: நாத்திகர் ஒழுக்கமாக வாழ முடியாது என்று பேசிவிடுவார்கள். அது பொய், அவமதிப்பும்கூட. கேள்வி நடத்தையைப் பற்றியதல்ல, மனித மாண்புக்கு ஆதாரம் எது என்பதைப் பற்றியது.

அதிகாரம் பற்றிய சந்தேகத்துக்குச் சிலுவையைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. இந்தக் கதையின் நடுவில் இருப்பவர் பேரரசின் கையில் கொல்லப்பட்டவர். தம்மைக் கொன்றவர்களுக்காக ஜெபித்தவர்.

யானையைத் தடவிய பார்வையற்றோர் கதையும் கட்டாயம் வரும். இந்தியாவில் ஊழியம் செய்த மிஷனெரி லெஸ்லி நியூபிகின் அதில் காட்டிய ஓட்டை இது: கதை சொல்பவருக்கு மட்டும் முழு யானையும் தெரிகிறது. எல்லா மதமும் அரைகுறை என்பவரும் முழுமையைக் கண்டதாகத்தான் உரிமை கோருகிறார். இதை மென்மையாகச் சொல்லுங்கள்.

சான்றுகளை ஒதுக்கிவிட வேண்டாம், பின்னால் வையுங்கள். உயிர்த்த இயேசுவை ஒரேவேளையில் ஐந்நூறு பேருக்கு மேல் கண்டார்கள், அவர்களில் அநேகர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று 1 கொரிந்தியர் 15இல் பவுல் எழுதுகிறார். அந்த நிருபம் சிலுவைமரணத்துக்கு ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டது. இது காட்டுவது சாட்சியம் எவ்வளவு பழையது என்பதை மட்டுமே. உயிர்த்தெழுதலையே நிரூபித்துவிட்டதாகப் பேசாதீர்கள்.

அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்தில் பவுல் "அறியப்படாத தேவனுக்கு" என்ற பலிபீடத்திலிருந்து தொடங்கி, அவர்கள் புலவர்களையே மேற்கோள் காட்டினார் (அப்போஸ்தலர் 17). அப்படியும் சிலர் இகழ்ந்தார்கள், சிலர் விசுவாசித்தார்கள், சிலர் "இன்னொருவேளை கேட்போம்" என்றார்கள். உங்களுக்கும் அந்தப் பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். விருப்பமிருந்தால் அடுத்த முறை மாற்கு சுவிசேஷத்தைச் சேர்ந்து வாசிக்கலாம் என்று சொல்லுங்கள்; 16 அதிகாரம்தான், இரண்டு மூன்று சந்திப்பில் முடித்துவிடலாம். அவர் குறுக்கே கேட்கும் கேள்விகளுக்கு நேரம் விடுங்கள்.