குட்டி நாய்தானே கடித்தது, தடுப்பூசி மட்டும் போதாதா?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது, எடை 20 கிலோ. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவில் ஒரு குட்டி நாய் கன்னத்தில் கடித்து, லேசாக ரத்தம் வந்தது. மஞ்சள் வைத்தோம். திங்கள் காலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு கையிலும் நாய்க்கடி ஊசி போட்டார்கள், டி.டி.யும் போட்டார்கள். இம்யூனோகுளோபுலின் ஊசிக்குப் பெரிய ஆஸ்பத்திரி போகச் சொல்லிச் சீட்டு கொடுத்தார்கள். 40 கிலோமீட்டர் போக வேண்டும். பையனுக்குச் சின்ன வயதிலேயே எல்லாத் தடுப்பூசியும் போட்டாயிற்று, சளி காய்ச்சல்கூட அதிகம் வராது. நாயைப் 10 நாள் கவனித்தால் போதும் என்கிறார் மாமனார். அவசியம் போகத்தான் வேண்டுமா?

பதில்: போகத்தான் வேண்டும் அம்மா. அதுவும் நாளைக்கே. ஏன் என்று சீட்டு எழுதியவரே இரண்டு வரி சொல்லியிருந்தால் நீங்கள் இப்படித் தவித்திருக்க மாட்டீர்கள்.

உங்கள் மகனின் எதிர்ப்புச் சக்தியில் குறை ஒன்றுமில்லை. ஆனால் கிருமியைப் பிடிக்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி ஒவ்வொன்றும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. தட்டம்மைக்குத் தைத்தது ரேபிஸுக்கு, அதாவது வெறிநாய்க்கடி நோய்க்கு, பொருந்தாது. ரேபிஸுக்கு இனிமேல்தான் தைக்க வேண்டும்.

திங்களன்று போட்டது உயிரிழந்த ரேபிஸ் வைரஸ். ஊசி தோலில் சரியாக இறங்கியிருந்தால் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி புள்ளி புள்ளியாக ஒரு சின்னப் புடைப்பு எழுந்திருக்கும். அங்கிருந்து மருந்து அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போகும். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அதுவும் இந்தக் கணுதான். அங்கே குவிந்திருக்கும் வெள்ளையணுக்களில் இந்த வைரஸுக்குப் பொருந்துபவை மிகச் சில. அவற்றைத் தேடிப் பிடித்து, பெருக வைத்து, ஆன்டிபாடி சுரக்க வைக்க உடம்புக்கு 7 முதல் 14 நாள் ஆகும். எவ்வளவு திடமான பிள்ளைக்கும் இதே கணக்குதான். ஹெல்த் டிரிங்கோ கஷாயமோ இந்த நாட்களைக் குறைக்காது.

அதுவரை கன்னத்தில் இறங்கிய வைரஸ் காத்திருக்காது. பக்கத்திலுள்ள நரம்பு நுனிக்குள் நுழைந்துவிட்டால், ரத்தத்தில் ஓடும் ஆன்டிபாடியின் பிடிக்குத் தப்பிவிடும். பிறகு நரம்பு வழியே மூளைக்குப் போகும். முகத்தில் நரம்புகள் நெருக்கம், மூளையும் பக்கம். நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்றும் சிகிச்சை கிடையாது. அதனால்தான் முகத்துக்கடிக்கு இவ்வளவு அவசரம்.

விதைத்த நெல் வீடு வந்து சேரும்வரை கடையில் அரிசி வாங்கித்தானே உலை வைக்கிறோம். இம்யூனோகுளோபுலின் அந்தக் கடை அரிசி. குதிரையின் ரத்தத்திலிருந்தோ மனித ரத்தத்திலிருந்தோ பிரித்தெடுத்த, தயார்நிலை ஆன்டிபாடி அது. குதிரை வகை என்றால் கிலோவுக்கு 40 யூனிட், உங்கள் மகனுக்கு அதிகபட்சம் 800. மனித வகை என்றால் கிலோவுக்கு 20, அதாவது 400. இதைக் காயத்துக்குள்ளும் காயத்தைச் சுற்றியும் செலுத்த வேண்டும். குழந்தை அழும், பார்க்கச் சங்கடமாக இருக்கும். அதற்காக இடுப்பில் குத்தி அனுப்பிவிடும் இடங்கள் இருக்கின்றன. வைரஸ் கன்னத்தில் இருக்க மருந்து இடுப்பில் இருந்து என்ன பயன்? "காயத்தில்தானே போடுவீர்கள்?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் வரைதான் இதற்கு நேரம். அதற்குப் பின் உடம்பின் சொந்த ஆன்டிபாடி வரத் தொடங்கிவிடும்.

மாமனார் சொல்லும் 10 நாள் கணக்கு முழுப் பொய்யல்ல, அதனால்தான் ஆபத்தானது. நாயின் எச்சிலில் வைரஸ் வருவது அது நோயில் விழுவதற்குச் சில நாள் முன்புதான். விழுந்தபின் சீக்கிரமே செத்துவிடும். ஆகவே கடித்த நாய் 10 நாள் கழித்தும் தின்று குரைத்து நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று அர்த்தம். ஆனால் இது நாய்க்கும் பூனைக்கும் மட்டும். குரங்குக்கோ கீரிக்கோ பொருந்தாது. நாய் கண் முன்னே இருக்க வேண்டும், கட்டிப்போட்ட வீட்டு நாயாக இருந்தால் நல்லது. "அதே கலரில் ஒன்று டீக்கடைப் பக்கம் திரியுது" என்பது கவனிப்பு ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கவனிப்பது சிகிச்சையைத் தொடங்கிய பிறகு. நாய் நலமாக இருந்தால் மிச்ச ஊசியை டாக்டர் நிறுத்தலாம், அவ்வளவுதான். நாய்க்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு ஊசிக்குப் போகலாம் என்று இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளுக்கு மறுபடி போக மனசு வரவில்லை. குட்டி என்பதும் சலுகையல்ல, குட்டிக்கும் ரேபிஸ் வரும்.

ஆஸ்பத்திரி வாசலில் கவனமாக இருங்கள். "உள்ளே ஸ்டாக் இல்லை, நான் வாங்கித் தர்றேன்" என்று ஒருவர் வருவார். அப்படி ஒருவரிடம் 6,000 ரூபாய் கொடுத்த தகப்பன் ஒருமுறை சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்து என்னிடம் நீட்டினார். கையில் வாங்கினால் வெதுவெதுப்பாக இருந்தது. 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து அது. கூலிக்குப் போகும் மனிதர், கடன் வாங்கிய பணம். மருந்து இல்லை என்றால் டியூட்டி டாக்டரே சொல்லட்டும், எங்கே இருக்கிறது என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். 104 எண்ணுக்கும் போன் செய்து கேட்கலாம். தடுப்பூசி ஓர் இடம், இம்யூனோகுளோபுலின் வேறு இடம் என்று கடிபட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாற வைக்கும் இந்த ஏற்பாட்டை என்னால் எந்த நியாயமும் சொல்லி ஏற்க முடியவில்லை.

டி.டி. ரணஜன்னிக்கான (டெட்டனஸ்) ஊசி, ரேபிஸைத் தடுக்காது. தழும்பு விழும் என்று யாராவது தையல் போட வந்தால், இம்யூனோகுளோபுலின் காயத்தில் இறங்கும்வரை விடாதீர்கள். வேர் கட்டுவது, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். கறி சாப்பிடக் கூடாது என்ற பத்தியமும் தேவையில்லை.

மஞ்சள் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள், கழுவியதாக எழுதவில்லை. இன்று இரவே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். தாமதமானாலும் பலன் உண்டு. முதல் ஊசி திங்கள் என்பதால் அடுத்தது நாளை வியாழன், பிறகு வரும் திங்கள், கடைசி 28ஆம் நாள், அதுவும் திங்கள்தான். நாளை பெரிய ஆஸ்பத்திரியிலேயே இரண்டாவது தடுப்பூசியையும் போட்டுக்கொள்ளலாம். திங்களன்று கொடுத்த சீட்டை எடுத்துப் போங்கள். இம்யூனோகுளோபுலின் போட்ட பின் அரை மணி நேரமாவது அங்கேயே பையனை வைத்திருந்து, தடிப்போ மூச்சிரைப்போ வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.