சென்னை மொட்டை மாடியில் லெட்யூஸ் (சாலட்டில் பச்சையாகப் போடும் கீரை) விதை போட்டு இரண்டு வாரம் ஆகியும் முளைக்கவில்லை. எங்கே தவறு?

விதை மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள். மே மாதத்தில் போட்டிருப்பீர்கள். நானும் குரோம்பேட்டையில் ஒரு ஏப்ரலில்தான் ஆரம்பித்தேன்.

அரைக்கீரை, சிறுகீரை எல்லாம் போட்டு எடுத்த கை என்கிற திமிர் எனக்கு. அதே மாதிரி தூவி, மேலே அரை அங்குலத்துக்கு மண்ணைப் போட்டு மூடினேன். பதினைந்து நாளாகியும் ஒரு முளை இல்லை. விதைக்கடைக்காரரிடம் போய் "பழைய விதையைத் தலையில் கட்டிவிட்டீர்களே" என்று கத்தினேன். அவர் பேசாமல் இன்னொரு பாக்கெட்டை எடுத்துச் சும்மா கொடுத்தார். அதுவும் முளைக்கவில்லை. அப்புறம்தான் விசாரித்தேன். மண்ணின் சூடு 27, 28 டிகிரியைத் தாண்டினால் லெட்யூஸ் விதை உறங்கிவிடுமாம். செத்துப்போவதில்லை, சும்மா கிடக்கும். போதாததற்குப் பல ரகங்களுக்கு முளைக்க வெளிச்சமும் வேண்டும். நான் புதைத்தே வைத்திருந்தேன். இப்போதெல்லாம் அந்தக் கடை வழியாகப் போவதில்லை.

நவம்பர் கடைசியில், மழை ஓய்ந்த இடைவெளியில் மறுபடி இறங்கினேன். விதையை ஈரத்துணியில் மடித்து டப்பாவில் போட்டு இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் வைத்தேன். தொட்டியில் பாதி கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மீதி செம்மண்ணும் மண்புழு உரமும். அரை அடி ஆழமுள்ள டப் போதும், வேர் ஆழமாகப் போகாது. விதையைத் தூவி உள்ளங்கையால் ஓர் அழுத்து, அவ்வளவுதான், மூடவில்லை. நாலாம் நாள் பச்சைப் புள்ளிகள். என் வீட்டம்மாவை மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன், "இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்றாள்.

நெருக்கமாக முளைத்ததைப் பிடுங்கிச் சாப்பிட்டுவிடுங்கள், செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். காலை வெயில் போதும், மதியத்துக்கு நிழல்வலை. கோஸ் மாதிரி உருண்டு வரும் ஐஸ்பர்க் ரகம் நம் ஊர் மாடிக்கு வேண்டாம், உதிரி இலை ரகமாக வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து வெளி இலைகளை மட்டும் கிள்ள ஆரம்பிக்கலாம். நடுக்குருத்தைத் தொடாவிட்டால் திரும்பத் திரும்ப வரும்.

நான் கிள்ளவில்லை. இன்னும் பெரிதாகட்டும் என்று ஆசைப்பட்டேன். பிப்ரவரி நடுவில் வெயில் ஏறியதும் நடுத்தண்டு மளமளவென்று முழங்கால் உயரத்துக்குக் கிளம்பிவிட்டது. இலையை ஒடித்தால் பால் வடிகிறது. "என்னடா இது, எருக்கஞ்செடியா?" என்றார் அம்மா. வாயில் வைத்தால் வேப்பங்கொழுந்து கசப்பு. அந்தக் கட்டத்துக்குப் போனால் ஒன்றும் செய்ய முடியாது, பூ விட்டு விதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"முருங்கைக்கீரை இருக்கும்போது இந்த வெள்ளைக்காரன் தழை எதற்கு" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: எங்கள் வீட்டில் முருங்கையும் உண்டு. மண்ணில்லாமல் தண்ணீரிலேயே வளர்ப்பவர்களும் பொறுத்தருள்க, உங்கள் அளவுக்குச் செலவு செய்ய என்னால் ஆகாது.

உண்மையில் எனக்கு வெயிலைவிடப் பெரிய தொல்லை எங்கள் குடியிருப்புச் சங்கம்தான். ஆறு டப்களால் தளம் ஒழுகுகிறதாம். செங்கல் அடுக்கி அதன் மேல்தான் வைத்திருக்கிறேன், கீழே ஒரு சொட்டு தேங்குவதில்லை. அதே மாடியில் உடைந்த சோபா ஒன்று மூன்று வருடமாக மழைத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு கிடக்கிறது, அதற்கு நோட்டீஸ் இல்லை. அது செயலாளர் வீட்டு சோபா.

சரி, உங்கள் விஷயம். மீதி விதை இருந்தால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். இப்போது அந்தத் தொட்டியில் தண்டுக்கீரை போடலாம். நவம்பரில் டப்பாவைத் திறங்கள். கடைக்காரரிடம் மட்டும் இப்போதைக்குப் போகாதீர்கள்.