மூல ஆபரேஷனுக்குப் பின் மலம் போகவில்லை, ஆனால் கசிகிறது

ஆபரேஷன் முடிந்து ஆறாம் நாள், நாலு நாளாக மலம் போகவில்லை, இன்று தண்ணீராகக் கசிகிறது என்கிறீர்கள். அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மாத்திரை போட்டுவிடாதீர்கள். பயத்தில் அடக்கிய மலம் இறுகி அடைத்து, அதன் ஓரமாக நீர் கசிவதாக இருக்கலாம். இன்றே உங்கள் சர்ஜனிடம் சொல்லுங்கள். நீங்களாக எனிமா வைக்க வேண்டாம். அதன் குழாய் முனை புண்ணில் குத்திவிடும். இசப்கோல் என்ற நார்ச்சத்துத் தூளும் இப்போது வேண்டாம், அடைப்புக்கு மேல் கனம்தான் சேரும். மலத்தை இளக்க லாக்டுலோஸ் அல்லது பாலிஎதிலீன் கிளைகால் மருந்தை சர்ஜன் தரலாம். அளவை அவரே சொல்லட்டும். வலிக்கு டிரமடால் எடுத்தால் அதுவும் குடலை மந்தமாக்கும், மாற்றித் தரக் கேளுங்கள்.

அடைப்பு விலகிய பிறகு, உந்துதல் வந்ததும் போய்விடுங்கள். முக்காதீர்கள், 5 நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள். முடித்ததும் வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் 10–15 நிமிடம் உட்காருங்கள். ஆசனவாயைச் சுற்றி இறுகிய சுருக்குத்தசை தளரும். வலியில் பெரும்பங்கு அந்த இறுக்கம்தான். டெட்டால் கலக்க வேண்டாம், புண் எரியும். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

துடைக்கும்போது சொட்டு ரத்தம் சகஜம். ஆனால் இரண்டு வாரம் வரை திடீர் ரத்தப்போக்கு வரலாம். ரத்தம் கட்டியாக விழுந்தாலோ, நிற்காமல் ஒழுகினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ இரவென்றும் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.