திங்கட்கிழமை ஓங்காளம்

கேள்வி: எனக்கு 52 வயது, நிலாவெளியில் இருக்கிறேன். முடக்கு வாதத்துக்கு ஏழு மாதமாக மெதோட்ரெக்ஸேட் போட்டு வந்தேன். ஞாயிறு காலையில் ஆறு குளிசை. திங்கள் முழுக்க ஓங்காளம், மீன் வாசமே ஆகாது. போன மாதம் வாயிலும் புண் வந்தது. "அது கான்சர் மருந்தெல்லோ" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும் பயந்து நிறுத்திவிட்டேன். மூன்று கிழமையாகிறது. இப்போது காலையில் விரல் மடங்குதில்லை. திரும்பத் தொடங்கலாமா?

பதில்: நீங்களாகத் தொடங்க வேண்டாம் அம்மா. அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்தக் கிழமையே கிளினிக் கொப்பியோடு போய், நிறுத்தியதை ஒளிக்காமல் சொல்லுங்கள். வாய்ப்புண்தான் என்னை யோசிக்க வைக்கிறது. சிலருக்கு அது வெறும் தொந்தரவு. சிலருக்கு இரத்த அணுக்கள் குறைவதன் முதல் அறிகுறி. இரத்தத்தோடு ஈரல், சிறுநீரகப் பரிசோதனைகளையும் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவதா, எத்தனை குளிசை என்று முடிவு செய்வார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னது பொய்யில்லை. ஆனால் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு வேறு. உங்கள் ஆறு குளிசை, 2.5 மில்லிகிராம் குளிசையென்றால், கிழமைக்கு 15 மில்லிகிராம். புற்றுநோய்க்குப் பல நேரம் நூற்றுக்கணக்கில், சில நேரம் ஆயிரக்கணக்கில் போகும். இங்கே அதன் வேலை, மூட்டை அரிக்கும் அழற்சியை அடக்குவது.

ஓங்காளத்துக்கு வழி இருக்கிறது. காலையில் போடுவதை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றினாலே பலர் அதைத் தூக்கத்தில் கடத்திவிடுகிறார்கள். ஃபோலிக் அசிட் தருகிறார்களா? நீங்கள் எழுதவில்லை. அது வாய்ப்புண்ணையும் ஓங்காளத்தையும் குறைக்கும். வழக்கமாக மெதோட்ரெக்ஸேட் போடாத நாளில் போடச் சொல்வார்கள். இவையெல்லாம் சரிவராவிட்டால் ஊசியாகப் போடலாம், வேறு மருந்துக்கும் மாற்றலாம். வாய் திறந்து சொன்னால்தானே மாற்றுவார்கள்! "எப்படி இருக்கு" என்று கேட்டதும் "பரவாயில்லை டொக்டர்" என்று எழும்பிப் போகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

ஒரு சங்கடம் சொல்கிறேன். மெதோட்ரெக்ஸேட்டும் ஃபோலிக் அசிட்டும் பல நேரம் ஒரே மாதிரிச் சின்ன மஞ்சள் குளிசைகள். கடதாசி உறையில் வந்தால் மாறிப்போகும். கிழமைக்கு ஒருநாள் போட வேண்டிய மெதோட்ரெக்ஸேட்டைத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டுக்கு வந்ததும் மெதோட்ரெக்ஸேட் உறையில் பேனாவால் 'ஞாயிறு மட்டும்' என்று பெரிதாக எழுதிவையுங்கள்.

விரல் நோவுக்கு பார்மசியில் டைக்ளோபெனாக் வாங்கிப் போடுகிறீர்களா? அதையும் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை. சளிக்கோ சலக்கடுப்புக்கோ வேறு டொக்டரிடம் போனால் மெதோட்ரெக்ஸேட் போடுவதை முதலில் சொல்லுங்கள். கோ-ட்ரைமொக்ஸசோல் என்ற அன்ரிபயோட்டிக் இதோடு சேரவே கூடாது.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் அள்ளி ஊற்றினால் விரல் இளகும், உண்மைதான். போய்க் குளியுங்கள், நல்லது. அந்த இளக்கம் கொஞ்ச நேரத்துக்குத்தான். வீட்டில் இளஞ்சூட்டு நீரில் கையை வைத்தாலும் அதே சுகம் கிடைக்கும்.

திரும்பத் தொடங்கினால் இரண்டு, மூன்று மாதமாவது பொறுத்துத்தான் முழுப் பலன் தெரியும். இடையில் காய்ச்சல், வறட்டு இருமலோடு மூச்சு வாங்கல், கண் மஞ்சளாதல், காரணமில்லாமல் தோலில் நீலத்தழும்பு, இதில் எது வந்தாலும் அடுத்த குளிசையைப் போடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.